வெள்ளை நாயின் விலை

அர்ஜென்டினாவின் நடுப்பகுதியில், மலைத்தொடர் ஒன்றை ஒட்டி, கோர்டோபா நகரம் இருக்கிறது. இயேசு சபைத் துறவிகள் 1613இல் வித்திட்ட பல்கலைக்கழகத்தால் பேர்பெற்ற ஊர். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழைய குடும்பங்கள் அங்கே நிறைய. அந்தப் படித்த ஊருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு பேரும் இருந்தது. நாய்ச்சண்டை. பந்தயம் கட்டி நாய்களை மோதவிடுவதற்கென்றே ஒரு நாயை அவ்வூரார் உருவாக்கி வைத்திருந்தார்கள். மாஸ்டிஃப், புல்டாக், புல் டெரியர், பாக்ஸர் ஆகியவற்றின் ரத்தம் கலந்து உருவான அதற்குக் கோர்டோபாச் சண்டை நாய் என்றே பேர். வலி உறைக்காதது போலப் போராடும். பின்வாங்காது. களத்திலேயே செத்து விழும்.

இன்று அந்த நாய் உலகில் எங்கும் இல்லை. எந்தக் குணத்துக்காக அதை வளர்த்தார்களோ அந்தக் குணமே அதை முடித்துவிட்டது. வென்ற நாய்களை மட்டும் மறுபடி மறுபடி இணைசேர்த்ததில், தன் இனத்தைக் கண்டாலே பாய்ந்து குதறும் வெறி தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஆணும் பெட்டையும்கூட இணைசேர்வதை விட்டு ஒன்றையொன்று கடிக்க முனைந்தன. நல்ல நாய்கள் பல களத்தில் மடிந்தன. மிஞ்சியவை வேறு இனங்களோடு கலந்து கரைந்தன. இயற்கையில் இப்படி ஒரு விலங்கு உருவாகவே முடியாது. இனம் பெருக்க முடியாத அளவுக்குப் போய்விட்ட குணத்தை இயற்கைத் தேர்வு அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்காது. மனிதன் நடுவில் நின்று தேர்ந்தெடுத்ததால்தான் அது அவ்வளவு தூரம் போக முடிந்தது.

அந்தச் சண்டை நாய்களைப் பார்த்து வளர்ந்தவர் அன்டோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ். 1907இல் பிறந்த இவர் பின்னாளில் அறுவை மருத்துவர் ஆனார். 1920களில், இன்னும் மீசை அரும்பும் வயதிலேயே, தம்பி அகுஸ்டினைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையில் இறங்கினார். சண்டை நாயின் துணிவு வேண்டும். அதன் இனப்பகை வேண்டாம். நாலைந்து நாய்கள் ஒன்றோடொன்று மோதாமல், கூட்டமாக ஓடி, காட்டுப்பன்றியையோ பூமாவையோ மடக்கிப் பிடித்து, வேட்டைக்காரர் வந்து சேரும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கேற்ற நாயை உருவாக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். நம்பியதைச் செய்தும் காட்டினார்.

அவர் எடுத்துக்கொண்ட முறை மருத்துவர்கள் மருந்து எழுதுவதைப் போலத் தெளிவாக இருந்தது. சண்டை நாய்ப் பெட்டைகளை அடித்தளமாக வைத்துக்கொண்டார். மோப்பத்துக்குப் பாயிண்டர். துடிப்புக்கும் பழகும் தன்மைக்கும் பாக்ஸர். உயரத்துக்கு கிரேட் டேன். அஞ்சாமைக்கு புல் டெரியர். அகன்ற மார்புக்கு புல்டாக். ஓட்டத்துக்கு அயர்லாந்தின் ஓநாய் வேட்டை நாய். தாடை வலுவுக்கு பிரான்சின் போர்தோ நாய். உடல் வலிமைக்கு ஸ்பானிய மாஸ்டிஃப். வெள்ளை நிறத்துக்குப் பிரனீஸ் மலைப்பகுதியின் பெருநாய். இவற்றையெல்லாம் ஒரே நாளில் கலக்க முடியாது. ஒவ்வோர் ஈற்றிலும் வேண்டிய குட்டியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, மறுபடி இணைசேர்த்து, மறுபடி தள்ளி, பல ஆண்டுகள் போயின. டோகோ அர்ஜென்டினோ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் நாய் அப்படித்தான் வந்தது. ஆண் நாய் 60 முதல் 68 சென்டிமீட்டர் உயரம், தசை முறுக்கேறிய உடல், பால்வெள்ளை நிறம், தலையை உயர்த்திக் காற்றில் வரும் வாசனையைப் பிடிக்கும் மூக்கு.

பாயிண்டரின் பங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வேட்டை நாய்கள் பலவும் மூக்கைத் தரையில் வைத்துக் குரைத்துக்கொண்டே தடம் பிடிப்பவை. அர்ஜென்டினாவின் புதர்க்காட்டில் அப்படிக் குரைத்தால் பன்றி வெகு தூரத்திலேயே உஷாராகிவிடும். டோகோ ஓசையின்றித் தேட வேண்டும் என்பதில் அன்டோனியோ பிடிவாதமாக இருந்தார். அந்நாட்டு வேட்டையில் இன்றும் நாய்கள் பன்றியைப் பிடித்து நிறுத்த, வேட்டைக்காரர் அருகில் சென்று கத்தியால் முடிக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் நாயின் பிடி தளர்ந்தால் மனிதனின் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு குணத்துக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. நிறத்துக்கும் இருந்தது. அடர்ந்த புதரில், அந்தி வெளிச்சத்தில், நாய் எது பன்றி எது என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அதற்கு வெள்ளை வசதி.

இந்த வேட்டையின் பின்னணியை நாய் நூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. காட்டுப்பன்றி அர்ஜென்டின மண்ணின் விலங்கே இல்லை. பெட்ரோ லூரோ என்ற பெருநிலக்கிழார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லா பாம்பா மாநிலத்தில் இருந்த தம் பண்ணைக்கு ஐரோப்பாவிலிருந்து செம்மான்களையும் காட்டுப்பன்றிகளையும் கப்பலில் கொண்டுவந்தார். ஐரோப்பியப் பிரபுக்களைப் போலத் தாமும் விருந்தினரோடு வேட்டையாட வேண்டும் என்ற ஆசை. பன்றிகள் வேலியைத் தாண்டின, பெருகின, நாடெங்கும் பரவின. இன்று அவை பயிரையும் ஆட்டுக்குட்டிகளையும் அழிக்கும் அந்நிய விலங்குகள். ஐரோப்பாவிலிருந்து வந்த பன்றியைப் பிடிக்க, ஐரோப்பாவிலிருந்து வந்த நாய்களின் ரத்தத்தைக் கலந்து, ஒரு தென்னமெரிக்க நாய். டோகோ அந்த நாட்டின் பெருமைச் சின்னமாகிவிட்டது உண்மைதான். அதன் பிறப்புக்கு வழிவகுத்தது நிலம் படைத்தவர்களின் இறக்குமதி மோகம் என்பதும் உண்மை.

அந்த மோகத்துக்கு அதைவிடப் பழைய வரலாறு உண்டு. தூய இனம், வம்சப் பதிவேடு என்ற எண்ணமே அர்ஜென்டினாவுக்கு மாட்டின் வழியாகத்தான் வந்தது. 1820களில் டார்க்கினோ என்ற ஷார்ட்ஹார்ன் காளை இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது. 1866இல் நிலக்கிழார்கள் கூடி அர்ஜென்டின கிராமப்புறச் சங்கத்தை நிறுவினார்கள். எந்தக் காளைக்கு எந்தப் பசு, அதன் தாய் எது, தந்தை எது என்று எழுதிவைப்பது அந்நாட்டில் செல்வத்தின் கணக்காக மாறியது. மாட்டிறைச்சி ஏற்றுமதியால் பணம் கொழித்த நாட்டில், பதிவேட்டில் பேர் இருக்கும் விலங்குக்கு ஒரு மதிப்பு, இல்லாததற்கு வேறு மதிப்பு. டோகோவை 1964இல் அங்கீகரித்து அதற்கெனப் பதிவேடு திறந்தவர்களில் அந்நாட்டு நாய்க் கூட்டமைப்போடு இந்தக் கிராமப்புறச் சங்கமும் சேர்ந்திருந்தது தற்செயல் அல்ல.

அந்த நாளைக் காண அன்டோனியோ உயிரோடு இல்லை. டோகோவின் இலக்கணத்தை அவர் 1947இல் வேட்டை இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1956இல் வேட்டைக்குப் போன இடத்தில், கொள்ளையடிக்க வந்தவன் கையால் கொல்லப்பட்டார். தம்பி அகுஸ்டின் நாய்களைத் தெற்கே பட்டகோனியாவில் உள்ள எஸ்கெல் என்ற ஊருக்குக் கொண்டுபோய் வளர்ப்பைத் தொடர்ந்தார். கனடாவுக்கான அர்ஜென்டினத் தூதராகவும் இருந்த அவர், நாட்டுக்கு வெளியே இந்த நாயை அறிமுகப்படுத்துவதில் சளைக்கவில்லை. 1973இல் உலக நாய்க் கூட்டமைப்பு டோகோவை ஏற்றுக்கொண்டது. அர்ஜென்டின இனமொன்று அந்த ஏற்பைப் பெற்றது அதுவே முதல் முறை.

இனி அந்த வெள்ளையைப் பார்ப்போம்.

பாலூட்டியின் கருவில், பின்னால் முதுகுத்தண்டுவடமாக மாறப்போகும் குழலின் ஓரத்தில் ஒருவகைச் செல்கள் தோன்றுகின்றன. அவை அங்கேயே தங்குவதில்லை. கருவின் உடல் முழுதும் பயணம் போகின்றன. சில, நரம்புச் செல்கள் ஆகின்றன. சில, முகத்து எலும்பு ஆகின்றன. சில, தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் ஆகின்றன. முதுகிலிருந்து புறப்படுவதால் வயிறு, பாதம், வால்நுனி, நெற்றி ஆகிய இடங்களுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். நம் தெருநாய்கள் பலவற்றுக்கு மார்பும் பாதமும் வெள்ளையாக இருப்பது இதனால்தான். புறப்பட்ட செல்கள் எண்ணிக்கையில் குறைவு, அல்லது வழியில் பிழைக்கவில்லை என்றால், அவை எட்டாத இடமெல்லாம் வெள்ளையாக நின்றுவிடும். உடலின் பெரும்பகுதியை அவை எட்டவே இல்லையென்றால் நமக்கு டோகோ கிடைக்கிறது. அதாவது இங்கே வெள்ளை என்பது பூசிய நிறம் அல்ல. நிறம் தரும் செல் வந்து சேராத இடம்.

இந்தப் பயணத்தை ஆளும் மரபணுக்களில் முக்கியமானது எம்.ஐ.டி.எஃப். 2007இல் நாய்களின் மரபுத்தொகுதியைத் துருவிய ஆய்வாளர்கள், சுமார் இருபது பாக்ஸர் நாய்களை மட்டும் ஒப்பிட்டே வெள்ளை நிறத்துக்குக் காரணமான பகுதி இந்த மரபணுவின் அருகில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மரபுத்தொகுதிக்குள் தன்னைத்தானே படியெடுத்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்று, அந்த மரபணுவை முடுக்கும் இடத்துக்கு அருகே வந்து ஒட்டியிருக்கிறது. பாக்ஸர், புல் டெரியர், டால்மேஷியன் ஆகியவற்றின் மிகை வெள்ளைக்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டு. முதல் இரண்டும் டோகோவின் நேரடி முன்னோர்கள். பிரனீஸ் நாயின் பங்கு என்னவாக இருந்தாலும், வெள்ளைக்கான மரபு அந்தக் கோர்டோபா முற்றத்தில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

நிறமிச் செல்கள் தோலுக்கு மட்டும் போவதில்லை என்பதுதான் சிக்கல். உட்செவியில், நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட எலும்புக் கூட்டினுள், ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய திசுப்பட்டை ஒன்று இருக்கிறது. அங்கேயும் நிறமிச் செல்கள் உண்டு. அங்கே அவற்றுக்கு நிறம் தரும் வேலை இல்லை. உட்செவித் திரவத்தில் பொட்டாசியம் அயனிகளின் அளவை உயர்த்தி வைக்க உதவுவதே வேலை. அந்தத் திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிலைத்திருந்தால்தான் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இயங்கும். நிறமிச் செல்கள் வந்து சேராவிட்டால் மின்னழுத்தம் இல்லை, திசுப்பட்டை சுருங்குகிறது, மயிர்ச்செல்கள் மடிகின்றன. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள், அது உலகைக் கேட்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, எல்லாம் முடிந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் அந்தக் காதை மீட்க முடியாது.

இதில் தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்குக் காது கேட்கும், அதன் உடன்பிறப்புக்குக் கேட்காது. ஒரே குட்டியின் இடது காது கேட்கும், வலது கேட்காது. ஒரு காது மட்டும் கேளாத நாயை வீட்டில் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். ஓசை வந்த திசையைச் சரியாக அறியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், அவ்வளவுதான். வளர்ப்பவர் அதை நல்ல நாய் என்றே எண்ணி இணைசேர்ப்பார். குறை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் ஆயிரக்கணக்கான நாய்களின் செவியைச் சோதித்தவர். அந்நாட்டு டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை என்று அவர் கண்டார். அதைவிட நம் கதைக்கு நெருக்கமானது புல் டெரியர் கணக்கு. வெள்ளை புல் டெரியர்களில் சுமார் 20 சதவீதத்துக்குச் செவிக்குறை. அதே இனத்தின் நிறமுள்ள நாய்களில் ஒன்றே கால் சதவீதத்தை ஒட்டித்தான். இனம் ஒன்று, உணவு ஒன்று, வளர்ப்பு ஒன்று; வேறுபாடு வெள்ளை மட்டும். டோகோவில் நிறமுள்ள நாயே கிடையாது. தலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒற்றைக் கரும்புள்ளி இருக்கலாம் என்று அதன் இலக்கணம் இடம் தருகிறது, அவ்வளவே. செவிட்டு நாயைத் தகுதியற்றது என்று தள்ளுவதும் அதே இலக்கணம்தான். செவிடு வருவதற்கான வழியைக் கட்டாயமாக்கிவிட்டு, வந்த செவிட்டைக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைதூரத்துச் செய்தி இல்லை. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக ராஜபாளையம் நாயைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அங்கேயும் இதுவே நேர்ந்தது. காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த நாயை வளர்ப்போர் நன்கறிந்த சங்கதி. விருதுநகர் மாவட்டத்திலும் கோர்டோபாவிலும் மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நிறத்தை விரும்பினார்கள். கருவுக்குள் நடக்கும் வேதியியல் இரண்டு இடத்திலும் ஒரே விலையைக் கேட்டது.

பதிவேட்டை மூடுவதில் வரும் விலை வேறு வகை. பத்து இனங்களைக் கலந்து ஒன்றை உருவாக்கும்போது மரபுவளம் ஏராளமாக இருக்கிறது. உருவானதும், இனி இந்தப் பேரில் பிறந்தவற்றை மட்டுமே இணைசேர்க்கலாம் என்று கதவு சாத்தப்படுகிறது. உள்ளே இருப்பவை எல்லாம் சில முன்னோர்களின் வாரிசுகள். புகழ்பெற்ற ஆண் நாய் ஒன்று பரிசு வாங்கினால் எல்லோரும் தங்கள் பெட்டைகளை அதனிடமே கொண்டுபோவார்கள். அடுத்த தலைமுறையில் பாதிக் குட்டிகள் ஒரே தந்தைக்குப் பிறந்தவை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு 227 இனங்களின் மரபுத்தொகுதிகளைப் பார்த்து, உள்ளினப்பெருக்கத்தின் சராசரி அளவு சுமார் 25 சதவீதம் என்றது. ஓர் அண்ணனும் தங்கையும் கூடிப் பெற்ற குட்டியில் எதிர்பார்க்கும் அளவு அது. டோகோ வயதில் இளைய இனம். அது கிளம்பியதே பல இனங்களின் கலப்பிலிருந்து. அந்த நல்வாய்ப்பைக் கட்டிக்காக்க வேண்டுமானால் அதன் வளர்ப்பாளர்கள் பரிசுகளைவிட வம்ச அட்டவணையின் அகலத்தை மதிக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இழந்த மரபுவளத்தைப் பின்னால் எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு மீட்டுவிட முடியாது.

கதவைச் சாத்துவதன் கடைசி எல்லையையும் அர்ஜென்டினாவிலேயே பார்க்கலாம். 2023இல் குடியரசுத் தலைவரான ஹவியேர் மிலே, கோனன் என்ற தம் ஆங்கில மாஸ்டிஃப் நாயைப் படியெடுக்க அமெரிக்க நிறுவனம் ஒன்றை நாடினார். பிறந்த நகல்களுக்கு மில்டன், மர்ரே, ராபர்ட், லூகாஸ் என்று பொருளியலறிஞர்களின் பேர்களை வைத்தார். பதவியேற்பின்போது அவர் கையிலிருந்த செங்கோலில் அந்த நாய்களின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. செல்ல நாயின் மரணத்தைத் தாங்க முடியாத மனம் யாருக்கும் புரியும். அறிவியல் தருவது என்னவோ உட்கருவின் மரபணு நகலை மட்டும்தான். சினைமுட்டையின் இழைமணிகள் வேறு தாயுடையவை, வளரும் கருப்பை வேறு, பிறந்தபின் வாழ்வும் வேறு. நிறமிச் செல்களின் பயணம் ஒவ்வொரு கருவிலும் புதிதாக நடப்பதால் நகல்களின் புள்ளிகள்கூட ஒன்றுபோல் அமைய வேண்டியதில்லை. நன்றாகக் காது கேட்கும் டோகோ ஒன்றை நகலெடுத்தாலும், நகலுக்குக் காது கேட்கும் என்று யாராலும் வாக்களிக்க முடியாது.

பெருமைக்கு டோகோ. வீட்டில் வளர்க்கவோ? புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் காலை நேரத்தில் நாய் நடத்துநர்கள் வருவார்கள். அடுக்குமாடி வீட்டுக்காரர்களிடம் கூலி வாங்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய கயிறுகளில் கூட்டமாக நாய்களை நடத்திச் செல்வது அந்நகரில் ஒரு தொழில். ஒருவர் கையில் இருக்கும் கயிறுகளைப் பார்த்தாலே எந்த நாய்க்கு மவுசு என்று தெரிந்துவிடும். பூடில், டாக்ஷண்ட், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பிரெஞ்சு புல்டாக், ஜெர்மன் ஷெப்பர்ட், எந்தப் பேரும் இல்லாத கலப்பு நாய்கள். டோகோவுக்கு அடுக்குமாடி வாழ்வு ஒத்துவராது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அந்நாட்டார் மனத்தில் தனி இடம் இருக்கிறது. சோனினோ என்ற போலீஸ் நாய், 1983 ஜூன் 2இல் குற்றவாளிகளோடு நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டது. அந்த நாளையே அர்ஜென்டினா தேசிய நாய் தினமாகக் கொண்டாடுகிறது.

எந்த இனம் எப்போது செல்வாக்குப் பெறும்? உளவியலாளர் ஹால் ஹெர்சாக்கும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்கப் பதிவேடுகளில் பல பத்தாண்டுக் கணக்குகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2004இல் அவர்கள் கண்ட முடிவு, மக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே அந்த ஏற்ற இறக்கங்களைப் பெரும்பாலும் விளக்கிவிடலாம் என்பது. குழந்தைகளுக்குப் பேர் வைக்கும் மோஸ்தர் மாறுவதும் இதே கணக்கில்தான். 2013இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கசப்பானது. நல்ல குணமுள்ள இனங்களோ, நீண்ட ஆயுளுள்ள இனங்களோ கூடுதலாக விரும்பப்படவில்லை. செல்வாக்குள்ள இனங்களுக்குத்தான் பரம்பரை நோய்கள் அதிகமாக இருந்தன.

பிரெஞ்சு புல்டாக் அதற்குக் கண்முன் சான்று. 31 ஆண்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022இல் அது தள்ளியது. புவெனஸ் ஐரிஸிலும் அதற்குக் குறைவில்லை. தட்டை முகம் குழந்தை முகம் போல இருக்கிறது என்று வாங்குகிறோம். அந்த முகத்துக்குள் மூச்சு போக இடம் இல்லை. அந்நகரை ஒட்டிய லா பிளாட்டா ஆற்றுப் படுகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியாட்டா என்றொரு மாட்டினம் இருந்தது. புல்டாக் போன்ற குட்டை முகம், மேலெழும்பிய கீழ்த்தாடை, சேராத உதடுகள். 1833இல் அவற்றைப் பார்த்த சார்லஸ் டார்வின், லுஹான் ஊர் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ முன்யீஸிடம் கேட்டு விவரங்கள் திரட்டினார். புல் இருக்கும்வரை நியாட்டா மற்ற மாடுகளைப் போலவே மேய்ந்தது. வறட்சி வந்ததும் மற்றவை மரக்கிளைகளையும் நாணலையும் உதட்டால் பற்றித் தின்று பிழைத்தன. உதடு சேராத நியாட்டா முதலில் செத்தது. டார்வின் அதை இயற்கைத் தேர்வுக்கு ஒரு சான்றாகக் குறித்துக்கொண்டார். அந்த மாட்டினம் இன்று இல்லை. வறட்சியே வராத குளிரூட்டிய வீட்டுக்குள் வாழ்வதால் மட்டும்தான் தட்டைமுக நாய் பிழைத்திருக்கிறது.

மவுசு போன இனம் மெல்ல மறையும். அர்ஜென்டினாவில் ஓர் இனம் ஒரே ஒப்பந்தத்தால் மறைந்தது. அண்டார்டிக் தளங்களில் சறுக்குவண்டி இழுக்க அந்நாட்டுப் படையினர் 1950களிலிருந்து ஒரு நாயை வளர்த்தார்கள். சைபீரிய ஹஸ்கி, அலாஸ்கா மாலமுட், கிரீன்லாந்து நாய் ஆகியவற்றின் கலப்பில் வந்த அர்ஜென்டின துருவ நாய் அது. பல தலைமுறைகள் பனியிலேயே பிறந்து பனியிலேயே இறந்தன. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை, அண்டார்டிகாவில் உள்ள எல்லா நாய்களையும் 1994 ஏப்ரல் 1க்குள் வெளியேற்றச் சொன்னது. நாய்களின் நோய்கள் கடல்நாய்களுக்குத் தொற்றலாம் என்ற அச்சம் நியாயமானது, வெளியேற்றியதும் சரியே. நோய்க்கிருமிகளையே பெரிதாகக் கண்டிராத அந்த நாய்கள் நிலப்பகுதிக்கு வந்ததும் நோய்களுக்குப் பலியாயின. அவற்றுக்கென வேறோர் இடமும் தடுப்பூசித் திட்டமும் முன்கூட்டியே இருந்திருந்தால் அந்த மரபில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நாற்பது ஆண்டுகள் படைவீரர்களுக்கு உழைத்த விலங்குக்கு அது மிகச் சிறிய கடன். அதுகூடத் தீர்க்கப்படவில்லை.

டோகோவுக்கு வேறு வகைச் சட்டம் வந்தது. 1991இல் பிரிட்டன் தடைசெய்த நாலு வகை நாய்களில் அது ஒன்று. பிரேசிலின் ஃபிலாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையிலும் டோகோவின் பேர் இருந்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை அடுத்த மாதமே ரத்து செய்தது. 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வெளிவந்த ஆய்வில், ஒரு தனி நாயின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. இதைக் காட்டி எல்லா நாயும் ஒன்றுதான் என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். 45 கிலோ எடையும், பன்றியைப் பிடித்து விடாமல் வைத்திருக்க வடிவமைத்த தாடையும் உள்ள நாய் கடித்தால் விளைவு வேறு. வாங்குபவருக்குப் பயிற்சியும் இடமும் பொறுப்பும் வேண்டும் என்று கேட்பது சரி. இனத்தின் பேரைப் பட்டியலில் எழுதிவிட்டதால் தெரு பாதுகாப்பாகிவிடும் என்று நம்புவதற்குத்தான் ஆதாரம் இல்லை.

செவிக்குறை விஷயத்தில் அப்படிக் கைவிரிக்க வேண்டியதில்லை. குட்டிக்கு ஆறேழு வாரம் ஆனதும் தலைத்தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் கிளிக் ஒலியைச் செலுத்தினால், மூளைத்தண்டு வரை போகும் மின்னலைகளைத் திரையில் பார்க்கலாம். அலை எழுந்தால் காது கேட்கிறது. கோடு தட்டையாக ஓடினால் இல்லை. சில நிமிட வேலை. பிரிட்டனில் டால்மேஷியன் வளர்ப்பாளர்கள் இந்தச் சோதனையை வழக்கமாக்கினார்கள். 1992 முதல் 2017 வரை பிறந்த குட்டிகளை ஆராய்ந்தபோது செவிக்குறை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நிறத்தை மாற்றவில்லை, இனத்தைக் கலக்கவில்லை. எந்த நாயை இணைசேர்ப்பது என்ற முடிவை மட்டும் மாற்றினார்கள். 2020இல் அமெரிக்க நாய்ச் சங்கமும் டோகோவை ஏற்றுக்கொண்டபின் அதன் குட்டிகளுக்கு உலகெங்கும் கேட்பார் கூடியிருக்கிறார்கள். இனச் சங்கங்கள் இப்போதே செய்யக்கூடியவை மூன்று: பெற்றோர் இருவரின் இரண்டு காதுகளின் சோதனை முடிவையும் வம்சச் சான்றிதழிலேயே அச்சிடுவது, ஒற்றைக் காது கேளாத நாயை இணைசேர்க்கத் தடை விதிப்பது, கண்ணருகே கரும்புள்ளி உள்ள குட்டியைக் கண்காட்சியில் இரண்டாந்தரமாக நடத்துவதை நிறுத்துவது. அன்டோனியோ தம் நாயிடம் அழகைக் கேட்கவில்லை. புதருக்குள் வேலை செய்யச் சொன்னார். அந்த வேலைக்குக் காது வேண்டும்.